சந்திப்பில் நிற்கும் பெட்டி யாரை நம்பலாம்: மூடுபனிக் கணிமையில் கணுக்களுக்கிடையிலான நம்பகம்

நாற்சந்தி ஒன்றில் சிக்னல் கம்பத்துக்கு அருகே ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. விளக்குகளை மாற்றும் கட்டுப்பாட்டுக் கருவி, சிறு கணினி, கேமராவிலிருந்து இறங்கும் கம்பி, பக்கத்துச் சந்திப்புகளோடு பேசும் ரேடியோ ஆகியவை அதற்குள் இருக்கின்றன. 600 மீட்டருக்கு அப்பால் உள்ள முந்தைய சந்திப்பின் பெட்டியிலிருந்து ஒரு செய்தி வருகிறது: ஆம்புலன்ஸ் ஒன்று என்னைக் கடந்து உன் பக்கம் வருகிறது, அந்தச் சாலைக்குப் பச்சை கொடு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 43 வினாடி ஆகும். அதற்குள் பெட்டி முடிவெடுத்தாக வேண்டும். செய்தியை அனுப்பியது உண்மையிலேயே அந்தப் பெட்டிதானா, அது இன்னும் தன் உரிமையாளரின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறதா, அது பார்த்தது ஆம்புலன்ஸ்தானா என்பவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குக் கிடைக்கும் விடை மற்ற இரண்டையும் தீர்த்துவிடாது.

இது கற்பனைக் கவலை இல்லை. அமெரிக்காவில் அவசர ஊர்திகள் அகச்சிவப்பு ஒளித் துடிப்பை அனுப்பிச் சிக்னலைப் பச்சையாக்கும் முறை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. அதே துடிப்பை உண்டாக்கும் கருவிகள் பிறர் கைக்கும் போய்ச் சேர்ந்தன. உரிமையில்லாதவர்கள் அவற்றைப் பயன்படுத்துவதையும் அவர்களுக்கு விற்பதையும் குற்றமாக்கி 2005-இல் கூட்டாட்சிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. துடிப்பைக் கண்டால் வழிவிட வேண்டும் என்பது மட்டுமே தெரிந்த ஒரு கருவிக்கு, துடிப்பை அனுப்புவது யார் என்று கேட்கத் தெரியாது. அந்தக் கேள்வியைக் கருவிக்குக் கற்றுக்கொடுப்பதும், கிடைக்கும் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கணக்கிடச் செய்வதும்தான் நம்பக மேலாண்மை எனப்படும் துறையின் வேலை.

சாலையோரப் பெட்டிகளுக்கு இந்தப் பொறுப்பு ஏன் வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். 2012 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் நடந்த பயிலரங்கு ஒன்றில், சிஸ்கோ நிறுவனத்தைச் சேர்ந்த ஃப்ளாவியோ பொனோமியும் உடன் பணியாற்றியோரும் ஃபாக் கம்ப்யூட்டிங் என்ற பெயரோடு ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மேகம் தரையைத் தொடும் அளவுக்கு இறங்கினால் அது மூடுபனி. அதுபோல, மேகக் கணிமை என்ற பெயரில் தொலைவிலுள்ள தரவு மையங்களில் நடக்கும் கணிப்பையும் சேமிப்பையும் உணரிகளுக்கும் கருவிகளுக்கும் பக்கத்திலேயே இறக்கி வைப்பது மூடுபனிக் கணிமை. அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2018 மார்ச்சில் இதற்கான கருத்துரு மாதிரியை வெளியிட்டது. அதே ஆண்டில் பொறியாளர் சங்கமான ஐஇஇஇ-யின் 1934 என்ற தரநிலையும் வந்தது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிவினாடிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் செல்லும். 1,000 கிலோமீட்டர் தொலைவில் தரவு மையம் இருந்தால் போய்வர இயற்பியல் விதிப்படியே 10 மில்லிவினாடி ஆகும். வழியிலுள்ள சாதனங்கள் சேர்க்கும் தாமதத்தால் நடைமுறையில் அதைவிட அதிகமாகும். தாமதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இணைப்பு அறுந்தாலும் சந்திப்பு இயங்கியாக வேண்டும் என்பதே இதைவிட வலுவான காரணம் என்று நான் கருதுகிறேன். மழைக்காகவோ கம்பி வெட்டுக்காகவோ ஆம்புலன்ஸ் காத்திருக்காது.

இடம் மாறியபோது காவலும் மாறிவிட்டது. தரவு மையம் என்பது ஒரே நிறுவனத்தின் கட்டடம். வேலி, காவலர், பூட்டு, குளிரூட்டிய அறை எல்லாம் உண்டு. வலையமைப்பில் இணைந்த ஒவ்வொரு கருவியும் ஒரு கணு; மூடுபனிக் கணு தெருவில் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் அதன் அருகில் போகலாம், இரவில் கதவைத் திறக்க முயலலாம். சிக்னல் பெட்டி மாநகராட்சியுடையது, கேமரா காவல்துறையுடையது, ரேடியோ இணைப்பு தொலைத்தொடர்பு நிறுவனத்துடையது, ஆம்புலன்ஸில் உள்ள கருவி மருத்துவமனையுடையது என்று உரிமையும் பலரிடம் பிரிந்து கிடக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலே இருந்து இவன் நல்லவன், இவன் கெட்டவன் என்று தீர்ப்புச் சொல்ல ஒரே தலைமை இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும் ஒவ்வொரு முடிவுக்கும் அதனிடம் போய்க் கேட்க நேரம் இல்லை. கணுக்கள் தங்களுக்குள்ளேயே ஒன்றையொன்று எடைபோட்டுக்கொள்ள வேண்டிய நிலை இப்படித்தான் உருவானது.

2014-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு சாலை நிர்வாக அமைப்பின் ஒத்துழைப்போடு, ஏறக்குறைய 100 சந்திப்புகளைக் கம்பியில்லாமல் இணைத்திருந்த சிக்னல் வலையமைப்பு ஒன்றைச் சோதித்தார்கள். சந்திப்புகளுக்கிடையிலான ரேடியோ இணைப்பு மறையாக்கம் செய்யப்படவில்லை. கருவிகளில் தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் இருந்தன. கட்டுப்பாட்டுக் கருவியில் பிழை நீக்கத்துக்கான நுழைவாயில் திறந்தே கிடந்தது. வலையமைப்புக்குள் ஒரு முறை நுழைந்துவிட்டால் எந்தச் சந்திப்பின் விளக்கையும் மாற்ற முடிந்தது; உள்ளே இருந்து வரும் எந்தக் கட்டளையையும் கருவிகள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டன. வாசலில் மட்டும் காவல் வைத்துவிட்டு உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வீட்டு ஆட்கள் என்று எடுத்துக்கொண்ட அமைப்பு அது. இங்கே வாசலிலும் காவல் இருக்கவில்லை.

உடனே தோன்றும் தீர்வு, ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு எண்முறைச் சான்றிதழ் கொடுப்பது. செய்தியில் கையொப்பம் இருந்தால் ஏற்பது, இல்லாவிட்டால் தள்ளுவது. இது கட்டாயம் வேண்டியதுதான். ஆனால் கையொப்பம் அனுப்பியவரின் அடையாளத்தை மட்டுமே சொல்லும். அவர் உண்மை பேசுகிறாரா என்பதைச் சொல்லாது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் இதற்கு அழியாத சான்று. அந்தத் தீநிரலின் கோப்புகள் சில, தைவானைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்களிடமிருந்து திருடப்பட்ட எண்முறைச் சாவிகளால் முறையாகக் கையொப்பமிடப்பட்டிருந்தன; விண்டோஸ் அவற்றை நல்லவை என்றே ஏற்றுக்கொண்டது. ஈரானின் நத்தான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையை இலக்காகக் கொண்ட அதன் ஒரு பகுதி, உணரிகளின் இயல்பான அளவீடுகளை 21 வினாடிக்குப் பதிவு செய்துகொண்டு, தாக்குதல் நடக்கும்போது அந்தப் பதிவையே திரும்பத் திரும்பக் காட்டும்படி எழுதப்பட்டிருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அடையாளம் சரி, வழி சரி, வடிவம் சரி. சொன்ன செய்தி மட்டும் பொய்.

2016-இல் மிராய் என்ற தீநிரல் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆலையிலிருந்து வந்தபடியே விடப்பட்ட அறுபதுக்கும் சற்று அதிகமான பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை வரிசையாக முயன்று பார்த்தே அது லட்சக்கணக்கான கேமராக்களையும் வீட்டு ரௌட்டர்களையும் தன்வசப்படுத்தியது. அந்தக் கேமராக்கள் தம் உரிமையாளர்களுக்குப் படம் காட்டுவதை நிறுத்தவில்லை. பகலில் காவல் காத்த அதே கருவி, அதே நேரத்தில் இணையப் பெயர்களுக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டின் நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்கள்மீது தாக்குதலும் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு கணு ஒரு வேலையில் நேர்மையாகவும் இன்னொரு வேலையில் கேடாகவும் இருக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்தத் துறையில் இரண்டு மரபுகள் சேர்கின்றன. ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் மார்ஷ் 1994-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வு, மனிதர்களுக்கிடையிலான நம்பிக்கையைக் கணக்கில் அடக்கக்கூடிய ஒரு கருத்தாக வடிக்க முயன்றது. 1996-இல் மேட் பிளேஸ், ஜோன் ஃபைகன்பாம், ஜாக் லேசி ஆகியோர் நம்பக மேலாண்மை என்ற பெயரையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கேட்டது, இந்தச் சாவி வைத்திருப்பவருக்கு இந்தச் செயலைச் செய்ய உரிமை உண்டா என்பது. முதல் மரபு நடத்தையைப் பார்க்கிறது, இரண்டாவது ஆவணத்தைப் பார்க்கிறது. மூடுபனி வலையமைப்புக்கு இரண்டும் வேண்டும். ஆவணம் பார்ப்பது எப்படி என்பது ஓரளவுக்குத் தீர்ந்த விஷயம் என்பதால், நடத்தைப் பக்கத்தையே இங்கே நெருங்கிப் பார்க்கிறேன்.

நடத்தையை அளக்க மிகப் பரவலாகக் கையாளப்படும் வழி, 2002-இல் ஔடுன் யோசாங்கும் ரோஸ்லான் இஸ்மாயிலும் முன்வைத்த பீட்டா நற்பெயர் முறை. பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும். ஒரு கணுவின் செயல்களில் நல்லவற்றை எண்ணி ஒன்று கூட்ட வேண்டும்; மொத்தச் செயல்களை எண்ணி இரண்டு கூட்ட வேண்டும்; முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 10 செய்திகளில் 8 உண்மையாக அமைந்தால் 9-ஐ 12-ஆல் வகுத்து 0.75. இதுவரை ஒன்றுமே சொல்லாத புதிய கணுவுக்கு 1-ஐ 2-ஆல் வகுத்து 0.5.

இந்த 0.5-இல்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 1,000 செய்திகள் அனுப்பி அவற்றில் சரிபாதி பொய்யாகிப்போன கணுவுக்கும் 501-ஐ 1,002-ஆல் வகுத்தால் 0.5-தான் வரும். முதலாவதைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. இரண்டாவதைப் பற்றி நன்றாகவே தெரியும், அதன் பேச்சு காசைச் சுண்டிவிட்டு விடை சொல்வதற்கு ஒப்பானது. ஒரே எண் இரண்டுக்கும் வருகிறது. இதைப் பிரித்துக் காட்டவே யோசாங் வளர்த்தெடுத்த அகவயத் தருக்கம், நம்பிக்கை, அவநம்பிக்கை, அறியாமை என்று மூன்று பங்குகளாகக் கணக்கு வைக்கிறது. மூன்றும் சேர்ந்து எப்போதும் ஒன்று. அறியாமையின் பங்கு, இரண்டை மொத்தச் செயல்களோடு இரண்டு கூட்டிய தொகையால் வகுத்தால் கிடைக்கும். புதிய கணுவுக்கு அது முழுதாக 1. ஆயிரம் செய்தி அனுப்பிய கணுவுக்கு 0.002. தெரியாது என்பதையும் கெட்டவன் என்பதையும் ஒரே தட்டில் வைக்கும் எந்த அமைப்பும் வலையமைப்பில் புதிதாகச் சேர்பவரை வாழவிடாது. அல்லது தெரியாதவரைப் பாதி நல்லவராக எடுத்துக்கொண்டு ஏமாறும். மதிப்பெண்ணை மட்டும் பரிமாறிக்கொண்டு அதன் பின்னாலுள்ள சான்றுகளின் எண்ணிக்கையைப் பரிமாறாத வடிவமைப்புகளை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

அடுத்த சிக்கல் காலம். ஒரு பெட்டி இதுவரை 98 செய்திகள் அனுப்பியது, எல்லாம் உண்மை என்று கொள்வோம், மதிப்பு 0.99. நம்பத் தகுந்த குறைந்த அளவு 0.7 என்று பக்கத்துப் பெட்டி வைத்திருக்கிறது. இன்றிரவு யாரோ அந்தப் பெட்டியைக் கைப்பற்றி, ஓயாமல் பொய்ச் செய்தி அனுப்பத் தொடங்குகிறார். மதிப்பு 0.7-க்குக் கீழே இறங்க எத்தனை பொய் வேண்டும்? 99-ஐ 141-ஆல் வகுத்தால் 0.702, 142-ஆல் வகுத்தால் 0.697. ஆக, 42 பொய்கள். பழைய நற்பெயரே தாக்குபவருக்கு முதலீடாகிவிடுகிறது. பல மாதம் தவறாமல் பணம் கொடுத்து ஊரின் நம்பிக்கையைப் பெற்று, பெருந்தொகை சேர்ந்ததும் தலைமறைவாகும் சீட்டுக்காரரைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

இதற்குப் பழைய சான்றுகளை மெல்ல மறக்கச் செய்வார்கள். ஒவ்வொரு புதிய செய்தி வரும்போதும் முந்தைய எண்ணிக்கையை 0.9-ஆல் பெருக்கிக் குறைத்தால், எவ்வளவு நீண்ட வரலாறு இருந்தாலும் அதன் எடை ஏறக்குறைய 10 செய்திகளுக்குள் அடங்கிவிடும். அப்போது அந்த நல்ல பெட்டியின் மதிப்பு 0.917. முதல் பொய்யில் 0.833, இரண்டாவதில் 0.758, மூன்றாவதில் 0.691. நாற்பத்திரண்டு மூன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் கணக்கை ஒரு படி தொடர்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்: மூன்று பொய்க்குப் பிறகு ஒரே ஓர் உண்மை சொன்னால் மதிப்பு 0.713 ஆகி, பெட்டி மறுபடியும் நம்பத் தகுந்ததாகிவிடுகிறது. விரைவாக மறக்கும் அமைப்பு விரைவாக மன்னிக்கவும் செய்கிறது. நல்லதும் கெட்டதும் மாறிமாறிச் செய்து கோட்டுக்கு மேலேயே மிதக்கும் இந்தத் தந்திரத்துக்கு ‘விட்டுவிட்டுத் தாக்குதல்’ என்று பெயர். நல்ல செயல்களை விரைவாகவும் கெட்ட செயல்களை மெதுவாகவும் மறப்பது, ஒரு பொய்க்குப் பல உண்மைகளின் எடை கொடுப்பது என்று ஏற்றத்தாழ்வோடு கணக்கு வைப்பதே இதற்கு மருந்து. ஏறுவது படிப்படியாக, இறங்குவது சறுக்கலாக.

மருந்தின் அளவு கூடினால் அதுவே கேடாகும். முந்தைய சந்திப்பைக் கடந்த ஆம்புலன்ஸ் இடையிலுள்ள மருத்துவமனைச் சந்தில் திரும்பிவிட்டால், அடுத்த பெட்டியின் கணக்கில் முந்தைய பெட்டி சொன்னது பொய்யாகப் பதிவாகும். கேமராவின் கண்ணாடியில் தூசி படிந்தால் லாரியின் மஞ்சள் விளக்கு ஆம்புலன்ஸ் விளக்காகத் தெரியலாம். ரேடியோ இரைச்சலில் செய்தி சிதைந்து போனால், அனுப்பாதவன் என்ற பழி அனுப்பியவன்மேல் விழும். பழுதுக்கும் வஞ்சகத்துக்கும் வெளித்தோற்றம் பெரும்பாலும் ஒன்றே. நல்ல வடிவமைப்பு இங்கே நோக்கத்தை ஆராயாமல், அந்த நேரத்தில் பெட்டியின் சொல்லைச் சார்ந்திருப்பதைக் குறைத்துக்கொள்கிறது. விலக்குவது, பழுது பார்க்க ஆள் அனுப்புவது, சாவியை ரத்து செய்வது ஆகிய முடிவுகளை நிதானமாக மேலடுக்குக்கு விடுகிறது.

இன்னொன்றும் இங்கே வெளிப்படுகிறது. சூத்திரங்களைப் பற்றி நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துள்ளன. ஒரு செயலை நல்லது என்றோ கெட்டது என்றோ குறிப்பது யார், எதைக் கொண்டு என்ற கேள்வியை அவற்றில் பல இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. செயலின் விளைவு தெரியும் என்று எடுத்துக்கொண்டே கணக்கைத் தொடங்குகின்றன. நடைமுறையில் எல்லாக் கடினமும் அங்கேதான் இருக்கிறது. சிக்னல் பெட்டிக்கு ஓரளவு வசதி உண்டு: ஆம்புலன்ஸ் வருகிறது என்றால் 43 வினாடியை ஒட்டி அது தன் கேமராவில் தெரிய வேண்டும், சைரன் ஒலி கேட்க வேண்டும். சொன்னவரைப் பார்க்காமல் சொன்னதைச் சோதிக்கலாம். ஒரே இடத்தில் இரண்டு வண்டிகள் இருக்க முடியாது, எந்த வண்டியும் 2 வினாடியில் அரைக் கிலோமீட்டர் கடக்க முடியாது என்ற இயற்பியல் வரம்புகள் எந்த நற்பெயரையும்விட நேர்மையான சாட்சிகள். ஆனால் ஒரு கணு இன்னொன்றுக்காகப் படத்தைச் சுருக்கித் தரும்போது, புள்ளிவிவரக் கணிப்பு செய்து விடையை மட்டும் அனுப்பும்போது, விடை சரியா என்று பார்க்க அந்த வேலையைத் தானே மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அவ்வப்போது விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது, ஒரே வேலையை இரண்டு கணுக்களிடம் தந்து ஒப்பிடுவது ஆகியவைதான் கைவசம் உள்ள வழிகள். இரண்டும் செலவு பிடிப்பவை. ஆனால் இந்தச் செலவைச் செய்யாமல் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கு அடித்தளம் கிடையாது.

நேரில் பழகிய அனுபவம் இல்லாதபோது பிறரிடம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஊர்தியில் பொருத்திய கணு ஒரு சந்திப்பின் எல்லையில் சில வினாடிகளே இருந்துவிட்டு மறைந்துவிடும். அதனோடு நீண்ட பழக்கம் ஏற்பட வழியே இல்லை. அக்கம்பக்கம் கேட்கத் தொடங்கினால் பொய்ச் சாட்சியும் வந்துவிடுகிறது. நல்ல கணுவைப் பற்றி அவதூறு பரப்பலாம். கூட்டாளியை வானளாவப் புகழலாம். ஒரு பெட்டியிடம் ஒழுங்காகவும் இன்னொன்றிடம் மோசமாகவும் நடந்து, அந்த இரண்டும் ஒன்றன் சொல்லை மற்றொன்று நம்பாதபடி பகை மூட்டலாம். பெயர் கெட்டுப்போனவுடன் புதுப் பெயரோடு திரும்பி வரலாம். இதையெல்லாம் பெருக்கிக் கொடுப்பது, ஒருவரே பல பெயர்களில் தோன்றும் சிபில் தாக்குதல். அடையாளங்களுக்குப் பொறுப்பேற்கும் நடுவண் அமைப்பு ஒன்று இல்லாத இடத்தில், நடைமுறையில் சாத்தியமான நிபந்தனைகளுக்குள் இதை முழுமையாகத் தடுக்க முடியாது என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜான் டூசர் 2002-இலேயே நிறுவினார்.

சாட்சிக்குச் சாட்சி சொல்பவரின் தகுதிக்கு ஏற்ப எடை கொடுப்பது இயல்பான தீர்வு. 2003-இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான ஐகன்டிரஸ்ட் என்ற கணக்கு முறை அதை வலையமைப்பு முழுவதற்கும் விரித்தது. நம்பத் தகுந்தவர் நம்புபவர் நம்பத் தகுந்தவர் என்று சுற்றிச் சுற்றி வரும் கணக்கை, எல்லோருடைய மதிப்பீடுகளையும் அடுக்கிய எண் அட்டவணை (அணி) ஒன்றின் ஐகன் திசையனாக, அதாவது மறுபடி சுற்றினாலும் மாறாத விடையாகத் தீர்த்துவிடுகிறது. ஆனாலும் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் கூட்டுச்சதியை உடைக்க, முன்கூட்டியே நம்பப்பட்ட சில கணுக்கள் அதற்கும் தேவைப்பட்டன. கணக்கு எவ்வளவு நுட்பமானாலும் நம்பிக்கையின் முதல் விதையை யாராவது வெளியிலிருந்து போட வேண்டியிருக்கிறது. மூடுபனி அமைப்பில் அந்த விதையைப் போட ஓரளவு வசதியான இடம் உண்டு. இடம் மாறாத, மின்சாரம் குறையாத, உரிமையாளர் தெரிந்த சந்திப்புப் பெட்டிகளே ஊர்திகளைப் பற்றிய சாட்சியங்களைச் சேர்த்து வைத்து அடுத்த பெட்டிக்குக் கைமாற்றலாம்; மேகத்திலுள்ள மையம் நாளுக்கொரு முறை எல்லாப் பெட்டிகளின் பதிவுகளையும் ஒப்பிட்டு முரண்களைத் தேடலாம்.

ஒவ்வொரு சாட்சியும் உண்மை பேசினாலும் முடிவு பொய்யாகலாம் என்பதை 2020 பிப்ரவரியில் பெர்லினைச் சேர்ந்த கலைஞர் சைமன் வெக்கர்ட் காட்டினார். ஒரு சிறு கைவண்டியில் 99 பழைய செல்பேசிகளை அடுக்கி, வெறிச்சோடிய தெருவில் மெதுவாக இழுத்து நடந்தார். கூகுள் மேப்ஸ் அந்தத் தெருவைச் சிவப்பாக்கியது. ஒவ்வொரு செல்பேசியும் தான் இருந்த இடத்தையும் நகர்ந்த வேகத்தையும் சரியாகவே சொன்னது. அவை 99 கார்கள் இல்லை என்பதை மட்டும் எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நடத்தை மதிப்பெண் எதுவும் இந்த வண்டியைப் பிடித்திருக்காது. தெருவோரக் கேமரா ஒன்று பிடித்திருக்கும். வேறு வகைப் புலனிலிருந்து வரும் ஒரு சாட்சி, அதே வகைச் சாட்சிகள் நூறுக்குச் சமம்.

நம்பிக்கை இருவழிப் பாதை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆம்புலன்ஸை நம்பலாமா என்று பெட்டி கேட்பதைப் போலவே, பெட்டியை நம்பலாமா என்று ஆம்புலன்ஸின் கருவியும் கேட்க வேண்டும். உண்மையான கணுவைப் போல நடிக்கும் ஒரு போலிக் கணு சாலையோரத்தில் காத்திருந்தால், வண்டி எங்கிருந்து எந்த மருத்துவமனைக்குப் போகிறது, உள்ளே இருப்பவரின் இதயத்துடிப்பு என்ன என்பவற்றையெல்லாம் கேட்டு வாங்கிவிடும்.

கணுவுக்குள் ஓடும் மென்பொருள் மாற்றப்படவில்லை என்பதை வன்பொருளைக் கொண்டே மெய்ப்பிக்கும் வழி இந்தக் கணக்குகளுக்கு ஒரு தரையைத் தருகிறது. டிபிஎம் எனப்படும் சிறு சில்லு, கருவி இயங்கத் தொடங்கும்போதே ஒவ்வொரு நிரலின் கைரேகையையும் பதிவு செய்து, கேட்பவருக்குக் கையொப்பத்தோடு கொடுக்கும். 2023 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 9334 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்கான பாத்திரங்களை வகுத்துள்ளது: மெய்ப்பிப்பவர், அதைச் சரிபார்ப்பவர், சரிபார்ப்பின் முடிவை நம்பிச் செயல்படுபவர். சரிபார்ப்பவரைத் தனியே பிரித்தது நல்ல யோசனை. சிறு கணு ஒவ்வொன்றும் எல்லாத் தயாரிப்பாளர்களின் கைரேகைகளையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் சில்லு தொடக்கத்தில் இருந்ததைத்தான் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும்போது நினைவகத்தில் நுழைந்த கேட்டைச் சொல்லாது. கேமராவுக்கு முன்னால் யாரோ ஒட்டிய படத்தையும் சொல்லாது.

எல்லாவற்றையும் பலரது கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பதிவேடான பிளாக்செயினில் எழுதிவிட்டால் தீர்ந்தது என்ற முன்மொழிவுகளும் ஏராளம். பதிந்ததைப் பின்னால் யாரும் திருத்த முடியாது என்ற பயன் உண்மையானது. சந்திப்புப் பெட்டிகளின் சாட்சியப் பதிவேட்டுக்கு அது உதவும். பதியும்போதே பொய்யாக இருந்ததை அது மெய்யாக்காது. கணுக்கள் ஒரு முடிவில் ஒத்துப்போவதற்கும் விலை உண்டு: கணினி அறிவியலாளர்கள் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982-இல் எழுதியபடி, கையொப்பமற்ற செய்திகளில் ஒரு துரோகியைத் தாங்க நான்கு பேர் வேண்டும், இரண்டு பேரைத் தாங்க ஏழு பேர் வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வழியில் ஏழு பெட்டிகள் கூடிப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

எனவே அந்தப் பெட்டி, 600 மீட்டருக்கு அப்பாலிருந்து வந்த செய்தியை என்ன செய்ய வேண்டும்? பாதுகாப்பு ஆய்வாளர் ஜான் கிண்டர்வாக் 2010-இல் பெயரிட்ட பூச்சிய நம்பிக்கைக் கொள்கை, உள்ளே இருப்பவர் என்பதற்காக யாரையும் நம்பாதே, ஒவ்வொரு வேண்டுகோளையும் அதன் இடத்தில் சோதி என்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு நம்பகம் போதும் என்பதை, அந்தச் செயல் தவறானால் வரும் கேட்டின் அளவே தீர்மானிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் சாலையில் ஏற்கெனவே பச்சை எரிந்துகொண்டிருந்தால் அதை இன்னும் 10 வினாடி நீட்டிப்பதால் பெரிய கேடில்லை. அறிமுகமில்லாத கணுவின் சொல்லுக்குக்கூட அதைச் செய்யலாம். சிவப்பை உடைத்துப் பச்சையாக்க நல்ல வரலாறு உள்ள, மெய்ப்பிப்பு புதிதாக உள்ள கணுவின் சொல் வேண்டும். பல சந்திப்புகளை வரிசையாகத் திறந்துவிட இரண்டு தனிப்பட்ட புலன்களின் சாட்சி வேண்டும். செய்தி வந்ததும் நீட்டிப்பில் தொடங்கி, 20-ஆவது வினாடியில் கேமராவில் விளக்கு தெரிந்தால் முழு வழியையும் திறப்பது என்று முடிவையே படிகளாக்கிவிட்டால், 43 வினாடி போதுமானதாகிவிடுகிறது.

மிச்சிகன் ஆய்வில் எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்த நிலையிலும் ஒன்று மட்டும் அசையவில்லை. சிக்னல் பெட்டிக்குள் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் விளக்குகளுக்கும் நடுவே பழுது மேலாண்மை அலகு என்ற தனிக் கருவி இருக்கிறது. எந்தெந்த விளக்குகள் ஒன்றாகப் பச்சையாகலாம் என்பது அதன் அட்டையில் கம்பிகளைப் பற்றவைத்தே பதியப்பட்டிருக்கும். வலையமைப்பு வழியாக அதை மாற்ற வழியில்லை. குறுக்கே வரும் இரண்டு சாலைகளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை கொடு என்று யார் கட்டளையிட்டாலும், கட்டளையிட்டவரின் மதிப்பெண் 0.99 ஆனாலும், அந்த அலகு குறுக்கிட்டு எல்லாத் திசைகளையும் சிமிட்டும் சிவப்புக்கு மாற்றிவிடும். அதற்கும் ஒரு விலை இருப்பதை ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள்: தாக்குபவர் வேண்டுமென்றே அந்த அலகைத் தூண்டிவிட்டுச் சந்திப்பை முடக்கிப்போடலாம். அப்போது ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்த்து நின்று நின்று கடக்க வேண்டியதுதான், பெட்டியின் சாவியோடு ஒருவர் நேரில் வந்து கதவைத் திறந்து அலகை மீட்டமைக்கும் வரை.